ஈமானும் அமலும், விசுவாசமும் கிரியையும்: கேள்வி பதில்

ராயபுரம் வாசகர்: ரோமர் 3:28 விசுவாசம் போதும் என்கிறது, யாக்கோபு 2:24 போதாது என்கிறது. எது சரி?

இரண்டும். ரோமரை எழுதிய பவுல், யாக்கோபு இருவரும் சாட்சிக்கு அழைப்பது ஆபிரகாமைத்தான். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15, பிள்ளையில்லாதவர் வாக்குத்தத்தத்தை நம்பிய இடம். யாக்கோபு எடுப்பது 22, மகனைப் பலிபீடத்தில் கிடத்திய இடம். விருத்தசேதனம் இல்லாவிட்டால் இரட்சிப்பில்லை என்றவர்களோடு பவுலுக்கு வழக்கு. பட்டினியாக வந்தவனை வெறும் வாழ்த்தோடு அனுப்பியவர்களோடு யாக்கோபுக்கு. 1547இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், விசுவாசம் மட்டுமே போதும் என்ற லூத்தர் தரப்பை மறுத்தது. 1999இல் ஆக்ஸ்பர்கில் இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: ஏற்றுக்கொள்ளப்படுவது கிருபையால், நற்கிரியை அதன் கனி. ஒற்றை வசனத்தைப் பிய்த்துக்கொண்டு வாதாட வராதீர்கள்.

மண்ணடி வாசகர்: இஸ்லாத்தில் அமல் (நற்செயல்) மட்டும் இருந்தால் சொர்க்கமா?

இல்லை. குர்ஆனின் 103ஆம் சூரா ஈமானையும் (நம்பிக்கையையும்) நற்செயலையும் சேர்த்தே சொல்கிறது. எவரையும் அவர் அமல் மட்டும் சொர்க்கத்தில் சேர்க்காது, அல்லாஹ்வின் ரஹ்மத் (அருள்) வேண்டும், தனக்கும் அப்படித்தான் என்று நபி (ஸல்) சொன்னது நபிமொழித் தொகுப்பான புகாரியில் உண்டு.

தண்டையார்பேட்டை வாசகி: 12 சவரன் நகைக்கு ஜகாத் (கடமையான தர்மம்) எவ்வளவு?

ஹனஃபி என்றால் (மத்ஹப் எனும் சட்ட மரபுகளில் ஒன்று) நிஸாப், அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்த அளவு, 87.48 கிராம், உங்களுடையது 96. சந்திரக் கணக்கில் ஓராண்டு கையில் இருந்தால் 2.5 சதவீதம், அதாவது 2.4 கிராம் தங்கம் அல்லது அன்றைய விலை. செய்கூலி, சேதாரம் சேராது. கொடுக்கும்போதோ பணத்தை ஒதுக்கும்போதோ நிய்யத் (ஜகாத் என்ற எண்ணம்) வேண்டும். வராத கடனைத் தள்ளிவிட்டு 'அதுதான் ஜகாத்' என்றால் செல்லாது.

வண்ணாரப்பேட்டை வாசகர்: தப்பு! போடுகிற நகைக்கு ஜகாத்தே கிடையாது.

அது ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்து. 'ஹனஃபி என்றால்' என்று தொடங்கியதைப் படிக்கவில்லையா? ஷாஃபியிலும் பெண்கள் வழக்கமாக அணியும் அளவுக்குத்தான் விலக்கு. பிறகு விற்கலாம் என்று லாக்கரில் சேர்த்த நகைக்கு உண்டு.

மீண்டும் வண்ணாரப்பேட்டை: அப்படியானால் ஹனஃபி பெண் ஷாஃபி கருத்தை எடுத்துக்கொள்ளலாமே?

ஜகாத் மாதத்தில் மட்டும் வருகிற மத்ஹப் மாற்றமா? பணத்தை மிச்சம்பிடிக்க மாறினால் நிய்யத் அங்கேயே அடிபடுகிறது. உண்மையிலேயே சந்தேகம் என்றால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள்.

காசிமேடு வாசகர்: பவுலும் யாக்கோபும் முரண்தானே?

முதல் பதில்.

கொருக்குப்பேட்டை வாசகர்: தானத்தை ஃபோட்டோ எடுத்துப் போடலாமா?

மத்தேயு 6:3இல் இடது கைக்கே தெரியக்கூடாது. குர்ஆன் 2:271இல் வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, மறைத்துக் கொடுப்பது அதைவிட மேல். 2:264 சொல்லிக்காட்டினால் தர்மமே வீண் என்கிறது. வாங்குகிறவர் முகம் தெரிகிற ஃபோட்டோ இரண்டு பக்கமும் தேறாது.