ஓமனில் இங்கிலீஷ் டீச்சர் வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். ஓமனில் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் ஃபவுண்டேஷன் (டிகிரிக்கு முந்தைய ஆயத்தப் படிப்பு) பிள்ளைகள், சாயங்காலம் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிப்பவர்கள் என இரண்டு வகுப்பாம். ஒரே பாடத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி நடத்தினால் போதுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: போதாதும்மா. ஈரோட்டில் கைகொடுத்த வித்தையே அங்கே முதல் வாரத்தில் காலை வாரிவிடும். நம் ஊர்ப் பையன் ஐந்து பக்கம் கட்டுரை எழுதிவிடுவான், எழுந்து நின்று இரண்டு வரி பேசு என்றால் தரையைப் பார்ப்பான். ஃபவுண்டேஷன் வகுப்பு இதற்கு நேர் தலைகீழ். நீங்கள் உள்ளே நுழைந்ததுமே “டீச்சர், யூ ஃப்ரம் கேரளா?” என்று நாலு பேர் ஆரம்பிப்பார்கள், கார், கால்பந்து, ஊரில் நடந்த கல்யாணம் என எதைப் பற்றியும் தப்பும் தவறுமாகக் கூச்சமில்லாமல் பேசுவார்கள். பேனாவை எடுங்கள் என்றதும்தான் வகுப்பு அடங்கும்.

அது சோம்பேறித்தனம் இல்லை. அரபியில் குறில் உயிர்களை எழுதுவதில்லை, மெய்களைப் பார்த்தே சொல்லைப் பிடித்துவிடுவார்கள். அதே கண்ணோடு ஆங்கிலத்தைப் பார்ப்பதால் ஒரு சொல்லின் மெய்யெழுத்தெல்லாம் வரிசையாகச் சரியாக இருக்கும், உயிரெழுத்து மட்டும் குத்துமதிப்பாக விழும், சில சமயம் விழவே விழாது. “மை ஃபாதர் டீச்சர்” என்று ‘இஸ்’ இல்லாமல் எழுதுவார்கள். இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை, ‘அப்பா டாக்டர்’ என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம். அப்புறம் ‘பார்க்கிங்’ என்பது அவர்கள் வாயில் ‘குரைப்பது’ ஆகிவிடும், ஏனென்றால் அரபியில் ஆங்கில P ஒலி கிடையாது, அந்த இடத்தில் B வந்துவிடும். (அதை இங்கே எழுதிக்காட்டவும் வழியில்லை, நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ப’ தான்.)

பின்னணியும் தெரிந்திருக்கட்டும். 1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாடு முழுவதற்கும் முறையான பள்ளிகள் மூன்றே மூன்று. இன்று உங்கள் முன்னால் உட்காரும் பிள்ளையின் பாட்டி பள்ளிக்கூடத்தையே பார்த்திருக்க மாட்டார். அரசுப் பள்ளியில் எல்லாம் அரபியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தால் தொழில்நுட்பப் பாடங்கள் ஆங்கிலத்தில். நடுவில் பாலம் போடத்தான் ஃபவுண்டேஷன்: ஆங்கிலம், கணக்கு, கம்ப்யூட்டர், படிக்கும் முறை. பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைத்து லெவல் பிரிப்பார்கள். தெற்கே தோஃபார் மலைப்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் ஷெஹ்ரி என்ற தனி மொழி, அரபியே இரண்டாவது, ஆங்கிலம் மூன்றாவது. அவர்களைப் போய் ‘வீக்’ என்று எழுதி வைக்காதீர்கள்.

நான் செய்தது இதுதான்: முதலில் பேச விடுவேன். ஒரு பையன் பாட்டி வீட்டுப் பேரீச்சந்தோட்டத்தைப் பற்றிச் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே போர்டில் எழுதி, வகுப்போடு சேர்ந்து திருத்தி, அழித்துவிட்டு, அதையே டிக்டேஷனாகப் போடுவேன். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் எழுத முனகமாட்டார்கள். கட்டுரையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். குரூப் பிரிக்கும்போது அதைக் கலைக்க வேண்டாம்.

சாயங்கால வகுப்பு வேறு உலகம். போலீஸ், பேங்க், எண்ணெய்க் கம்பெனி என்று டியூட்டி முடித்து வருகிற முப்பது நாற்பது வயதுக்காரர்கள். ஆபீஸில் மெயில் எழுதி எழுதிக் கை பழகியிருக்கும், தப்புகளும் கூடவே பழகியிருக்கும். விளையாட்டு, பாட்டு என்று காலையில் செய்ததை இங்கே செய்தால் வாட்சைப் பார்ப்பார்கள். அவர்களுடைய ரிப்போர்ட்டையே கொண்டுவரச் சொல்லி அதை வைத்து நடத்துங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம், அதனால் தப்பை உரக்கச் சொல்லித் திருத்தாமல் தாளில் குறித்துக் கொடுங்கள். பேசச் சொன்னாலும் முதலில் இருவர் இருவராகத்தான். எனக்கு என்னவோ காலை வகுப்புதான் பிடிக்கும். சாயங்காலம் பிளாஸ்க்கில் வரும் கஹ்வாவுக்காக (அரபுக் காபி) அந்த வகுப்பையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் போதுமா, செல்டா வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: விளம்பரத்தைப் பாருங்கள், இடத்துக்கு இடம் மாறும். இலக்கியம் படித்தவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், ஆனால் செல்டா கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். அது ஆங்கிலம் கற்பிப்பதற்குக் கேம்பிரிட்ஜ் தரும் சான்றிதழ், சுமார் 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு நடத்திக்காட்ட வேண்டும், முழுநேரமாகச் சேர்ந்தால் நாலைந்து வாரம். செலவு கொஞ்சம் கடிக்கும். டிகிரி சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அரசு முத்திரை) வாங்கும் வேலையை முதலில் முடித்து வையுங்கள், கடைசி நேரத்தில் அதில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

கேள்வி: அட்டெண்டன்ஸில் கண்டிப்பாக இருக்கணுமா? (வாசகி, மதுரை)

பதில்: கண்டிப்பாக. லீவு எண்ணிக்கையை வைத்து வார்னிங் போகும், அது வந்ததும் “டீச்சர் ப்ளீஸ்” என்று வாசலில் நிற்பார்கள். வெள்ளி, சனி விடுமுறை என்பதால் வியாழன் மத்தியானமே ஊருக்குக் காரைக் கிளப்பிவிடுவார்கள், அந்தப் பீரியடில் முக்கியமான பாடம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பெயர் கூப்பிடும்போது மூன்று முகமது எழுந்து நிற்பார்கள், பலூஷி, ஹார்தி என்று குலப்பெயரையும் சேர்த்தே கூப்பிடுங்கள்.