எறிந்த காசின் மேல் யார் கை?

கேள்வி: மகள் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. பிளஸ் டூவில் நல்ல மார்க். ஆனால் மேலே எறிந்த காசின் மீது என்னென்ன விசைகள் இருக்கின்றன என்ற கேள்விக்குத் தப்பாக எழுதிவிட்டாள். "நான் விஷுவல் லேர்னர், கண்ணால் பார்த்தால்தான் ஏறும், சார் வாயாலேயே பாடம் நடத்துகிறார்" என்கிறாள். வீடியோ கோர்ஸ் வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பொறுங்கள், பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அவள் என்ன எழுதியிருப்பாள் என்று ஊகிக்க முடிகிறது: கை கொடுத்த விசை காசுக்குள் இருந்து மேலே தள்ளுகிறது, போகப் போகத் தீர்ந்து, உச்சியில் புவியீர்ப்புக்குச் சமமாகி, அப்புறம் காசு விழுகிறது. சரியா? 14-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பேராசிரியர் ழான் புரிதானும் எறிபவர் கை பொருளுக்குள் ஒரு உந்துசக்தியைப் பதித்துவிடுகிறது, காற்றும் எடையும் அதைக் கரைக்கின்றன என்றுதான் சொன்னார், அதனால் மகளைத் திட்டாதீர்கள். உண்மையில் கையை விட்ட நொடியே கையின் விசை பூஜ்யம். காற்றை விட்டுவிட்டால் ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் காசின் மேல் இருப்பது புவியீர்ப்பு மட்டும்தான்.

பீரோவைத் தள்ளுவதை நிறுத்தினால் பீரோ நின்றுவிடுகிறது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்த பிள்ளையிடம், விசை இல்லாவிட்டாலும் ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நியூட்டனின் விதியை ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பாள், நம்பமாட்டாள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸுர் தன் மாணவர்களுக்கு இந்த மாதிரி எளிய கேள்விகளைக் கொடுத்தபோது ஒரு மாணவி, நீங்கள் சொல்லித் தந்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம்! மஸுர் அதன்பிறகு வகுப்பின் நடுவே கேள்வி போட்டு, ஆளுக்கொரு பதில் சொல்லவைத்து, பக்கத்து மாணவரோடு வாதாடவிட்டு, மறுபடி கேட்க ஆரம்பித்தார். 1998-இல் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 6,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்துப் பார்த்தபோது, மாணவர்கள் இப்படி யோசித்து விவாதிக்கும் வகுப்புகளில் முன்னேற்றம் வழக்கமான வகுப்புகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

விஷுவல் லேர்னர் கதைக்கு வருவோம். படம் பிடிக்கும், கேட்பது பிடிக்கும் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அவரவர் பாணிக்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக ஏறும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் ஹரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் ஆராய்ந்து எழுதினார்கள். காதால் படிப்பவரும் விசைகளை அம்புக்குறிகளாகக் காட்டும் விசைப் படத்தை வரைந்துதான் ஆகவேண்டும், இல்லையா? வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், அங்கேதான் ஆபத்து.

இன்றைக்குச் சமையலறையில் ஒரு ரூபாயைச் சுண்டச் சொல்லுங்கள். காசு உச்சியில் இருக்கும்போது அதைத் தொட்டுக்கொண்டிருப்பது எது என்று கேளுங்கள். "கை" என்றால், கை இப்போது எங்கே என்று கேளுங்கள். எரிச்சல்படுவாள், விடாதீர்கள்.