பேச்சு கேட்காத வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர் செட்?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே, 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டில் குடியிருக்கிறோம். முன் அறை 10 அடிக்கு 12 அடி. சீமெந்துத் தரை, தகரக் கூரை. 43 அங்குல டீவியில் படம் பார்த்தால் பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கின்றன, பேச்சு மட்டும் அம்மாவுக்குக் கேட்பதில்லை. தீபாவளி முற்பணத்தையும் சேர்த்து 75,000 ரூபாய் வைத்திருக்கிறேன். வேனில் கொண்டுவந்து விற்கும் ஒருவர், 12,000 வாட் 5.1 செட் 68,000 ரூபாய், பாதியை இப்போது தந்தால் மீதியை இரண்டு சம்பளத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அவர் கேட்ட பாதிப் பணத்தைக் கொடுத்திருந்தால்கூட, செட் இன்னும் கைக்கு வரவில்லையென்றால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். 12,000 வாட் சத்தம் தரவேண்டுமானால் அந்தப் பெட்டி 52 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்க வேண்டும். உங்கள் வீட்டு இணைப்போ பெரும்பாலும் 30 ஆம்பியர்தான். பெட்டியின் முன்பக்கம் தங்க நிறத்தில் அச்சடித்திருப்பது பி.எம்.பி.ஓ. என்ற கணக்கு. எவரும் எப்படியும் போட்டுக்கொள்ளக்கூடிய, அளந்து சரிபார்க்க எந்த முறையும் இல்லாத எண் அது. கேட்கவேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது செட் தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாட். அதைச் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம், செட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒட்டியுள்ள சிறிய தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று அதில் எழுதியிருக்கும். அண்மையில் இப்படியொரு செட் பழுதுபார்க்க வந்தது. முன்னால் 10,000, பின்னால் தகட்டில் 85 வாட். திறந்து பார்த்தால் உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபோமர் ஒரு குழந்தையின் கைமுட்டியளவு. பின் ஸ்பீக்கர்களில் மேலே பளபளத்த சிறிய வட்டங்கள் வெறும் பிளாஸ்டிக், அவற்றுக்கு வயரே போகவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? 10 அடிக்கு 12 அடி அறைக்கு உண்மையான 50 வாட் தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு அது சிறு மாற்றமே.

இப்போது அம்மாவின் காதுக்கு வருகிறேன். 5.1 என்பது ஐந்து ஸ்பீக்கரும், பேஸ் சத்தத்துக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரும். அந்த ஐந்தில் டீவிக்குக் கீழே நடுவில் இருக்கும் ஸ்பீக்கர்தான் படத்தின் பேச்சில் பெரும்பகுதியைச் சுமக்கிறது. தட்டை டீவிகளில் கீழே பார்த்தபடியோ பின்னால் பார்த்தபடியோ இருக்கும் இரண்டு மெல்லிய ஸ்பீக்கர்களுக்குள் எல்லாவற்றையும் திணிக்கும்போது முதலில் மங்குவது அந்தப் பேச்சுத்தான். ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது நடு ஸ்பீக்கர்; பின் ஸ்பீக்கர்கள் அல்ல. உங்கள் அளவு அறையில் சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும், அதற்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க இடமும் இராது. டிஷ்ஷில் வரும் நம் அலைவரிசைகளில் பெரும்பாலானவை இடம், வலம் என்ற இரண்டு தடங்களில்தான் வருகின்றன. எனவே 3.1 என்று குறிப்பிட்ட, அதாவது இடம், வலம், நடு என மூன்று ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள, பேச்சை மட்டும் தனியே கூட்டக்கூடிய ஒரு சவுண்ட்பாரை, உத்தரவாத அட்டை கொடுக்கும் கடையில் வாங்குங்கள். பிற்பாடு பின் ஸ்பீக்கர் சேர்க்க அந்த மாடலில் வசதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் பேஸ் அதிரும் பாட்டைப் போட்டு நெஞ்சைக் குலுக்கிக் காட்டுவார்கள். அதை நிறுத்தச் சொல்லி, சப்வூஃபரை முழுதாகக் குறைத்து, செய்தி வாசிப்பைத் தாழ்ந்த சத்தத்தில் போடச் சொல்லிப் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் பிரிந்து விளங்கினால் அதுவே உங்கள் செட். பின்பக்கத்தில், டீவியின் சத்தத்தை டிஜிட்டலாக வாங்கும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. துளையோ ஒப்டிகல் துளையோ இல்லாமல், சிவப்பு வெள்ளை வயரும் புளூடூத்தும் மட்டும் இருந்தால், எத்தனை பெட்டிகள் தொங்கினாலும் அது 5.1 அல்ல, ஒரே சத்தத்தை ஐந்து இடத்தில் கேட்பீர்கள். பிற்காலத்தில் உண்மையான 5.1 வாங்கினாலும், டீவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு ‘பி.சி.எம்.’ என்றிருந்தால் ஏ.ஆர்.சி. வழியே இரண்டு தடம்தான் வெளியே போகும். அதை ‘ஒட்டோ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள். பின் ஸ்பீக்கர் பழுதென்று செட்டைத் தலையில் சுமந்து பஸ்ஸில் ஏறி என்னிடம் வந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேருக்கு நான் செய்தது இந்த ஒரு மாற்றம்தான்.

பழைய சாமான் வாங்காதீர்கள் என்பது என் வழக்கமான புத்திமதி. அதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு, அதை விரிவாகச் சொல்லாவிட்டால் ஆபத்து. ஜப்பானிலிருந்து கழித்து இறக்கப்படும் அம்ப்ளிஃபயர்களில் நல்லவை கிடைக்கின்றன. உங்கள் காசுக்குப் புதிய செட் எதுவும் அவற்றின் தரத்தை எட்டாது. ஆனால் அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. அவற்றின் தட்டை முள்ளுக்கு அடாப்டர் மாட்டி நம் சுவரில் செருகினால், அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. செட் அந்தக் கணமே கருகிவிடும். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபோமர் கட்டாயம் வேண்டும். அதிலும் கடைகளில் சாதாரணமாகத் தருவது 110 வோல்ட் வெளியிடுவது. இரவில் ஊர் அடங்கியபின் நம் மின்சாரம் 240க்கு ஏறும்போது அது 115 ஆகிவிடும். 100 வோல்ட் செட்டுக்கு அது நாள்பட்ட சித்திரவதை. 100 வோல்ட் வெளியீடு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். செட்டின் தகட்டில் உள்ள வாட்டைப்போல் ஒன்றரை மடங்காவது டிரான்ஸ்ஃபோமரின் கொள்ளளவு இருக்கட்டும். ஸ்பீக்கர் இணைப்புத் துளைகளுக்கு அருகே 6 ஓம் என்று போட்டிருந்தால், பழைய மலிவுச் செட்டின் 3 ஓம் ஸ்பீக்கர்களை அதில் கொழுவாதீர்கள். இவ்வளவையும் பார்த்துத் தரக்கூடிய தொழில் தெரிந்த ஒருவர் உங்களுடன் வந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு வருட உத்தரவாதம் என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, பழுதென்று போனால் ‘கொழும்புக்கு அனுப்பவேண்டும்’ என்று மூன்று நான்கு மாதம் அலைக்கழிக்கிறார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் கடைக்கு வருபவரின் அன்றைய சம்பளம் யார் கணக்கில் சேர்வது? வேனில் வருபவரிடம் அந்த அலைச்சலுக்குக்கூட இடமில்லை, 10ஆம் திகதி சம்பளம் போட்டதும் வருவார், கடைசித் தவணை முடிந்ததும் அவரைக் காணக்கிடைக்காது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாட்டை வைத்துக்கொண்டு அவர்களும் என்ன செய்வார்கள்? 12,000 வாட் என்று அச்சிட்ட பெட்டி துறைமுகத்தில் இறங்கும்போதே அதை எவரும் அளந்து பார்க்காததுதான் அடிப்படைக் குறை. அந்தக் குறை தீரும்வரை மாடல் இலக்கமும் தொடர் இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, மை மங்குமுன் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் சவுண்ட்பாரை டீவிக்குக் கீழே, மேசையின் முன்விளிம்போடு வையுங்கள். உள்ளே தள்ளினால் பேச்சு மேசைக்குள்ளேயே அடங்கிவிடும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் அறையே முழங்கிப் பேச்சை மூடும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பனிக்காலத்தில் ஈரம் ஏறாதபடி தரையிலிருந்து சற்று உயர்த்தியும் வையுங்கள். வெறும் சீமெந்துச் சுவர் பேச்சைத் திருப்பி அடிக்கும் என்பதால், டீவிக்கு எதிர்ச்சுவரில் பழைய கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டுத் தரையில் பாய் விரியுங்கள். செலவில்லாத இந்த வேலையே பாதிக் குறையைத் தீர்த்துவிடும். தகரத்தில் மழை கொட்டும் நேரத்தில் எந்தச் செட்டும் வெல்லாது, அப்போது சத்தத்தைக் கூட்டிச் ஸ்பீக்கரைக் கிழிக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால், சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது, பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். எல்லாம் பொருத்தி முடித்தபின் அம்மா வழமையாக உட்காரும் கதிரையில் நீங்கள் உட்கார்ந்து, அவர் பார்க்கும் தொடரைப் போட்டு, அங்கிருந்தபடியே பேச்சின் அளவைக் கூட்டிக் குறைத்து வையுங்கள்.