புரோகிராம் கோட் எழுதும்போது காதில் என்ன ஓடலாம்?

கேள்வி: எங்கள் ஆபீஸ் ஒரே பெரிய ஹால். பக்கத்து டீம் பேசுவதெல்லாம் காதில் விழும், அதனால் ஹெட்போன் இல்லாமல் முடியாது. ஆனால் பிடித்த பழைய தமிழ்ப் பாட்டைப் போட்டால் கோடில் ஒரே ஃபங்ஷனைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டை மாற்றுவதா, பாட்டையே விட்டுவிடுவதா?
- வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: விட வேண்டாம், அந்த வேலைக்கு அந்தப் பாட்டு வேண்டாம், அவ்வளவுதான். கோட் படிக்கும்போது நாம் மனதுக்குள் பேசிக்கொண்டேதான் படிக்கிறோம், இந்த வேரியபிளில் இப்போது என்ன இருக்கிறது, இந்த லூப் எப்போது நிற்கும், இங்கே மதிப்பே இல்லாமல் (null) வந்தால் என்ன ஆகும் என்று. அந்த உள்குரல் ஓடுகிற அதே இடத்தில்தான் தெரிந்த பாட்டின் வரியும் வந்து உட்காருகிறது. நீங்கள் பாட்டைக் கவனிக்கவே இல்லை என்று நினைத்தாலும் அடுத்த வரி மனதில் தயாராக நிற்கும். அதிலும் பல்லவி முதல் கடைசி சரணம் வரை மனப்பாடமான பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

மனோதத்துவத்தில் இதை நிறையப் பேர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சலாமே, பேட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களில் செய்த சோதனைகளில், திரையில் வரும் எண்களை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லிவிட்டுப் பின்னணியில் இசை போட்டார்கள். வாத்திய இசையைவிடக் குரல் உள்ள இசைதான் அதிகம் கெடுத்தது. சரி, சத்தத்தைக் குறைத்து வைத்தால் போதாதா என்றால், அதுவும் பெரிதாக உதவாது: பின்னணிப் பேச்சு மெதுவாக இருந்தாலும் உரக்க இருந்தாலும் இந்த வகை நினைவுக்கு வரும் பாதிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். உங்களைத் தொந்தரவு செய்வது சத்தத்தின் அளவு இல்லை, அதில் உள்ள பேச்சு. பக்கத்து டீமின் மீட்டிங்குக்கும் இதே கணக்குதான்.

அப்புறம், நம் தொழிலிலேயே நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதக் கொடுத்தார்கள், ஒரு அறையில் அமைதி, இன்னொரு அறையில் காதில் இசை. வேகத்திலும் சரியாக எழுதுவதிலும் இரண்டு அறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு விஷயம் ஒளிந்திருந்தது. எண்ணைப் பலவிதமாக மாற்றச் சொல்லும் அந்தப் படிகளையெல்லாம் செய்து முடித்தால் உள்ளே போன எண்ணே வெளியே வரும், அதாவது புரோகிராமே தேவையில்லை. அதைக் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலானவர்கள் அமைதி அறையில் இருந்தவர்கள். டாம் டிமார்க்கோவும் டிமத்தி லிஸ்டரும் சாஃப்ட்வேர் டீம்களைப் பற்றி 1987ல் வெளியிட்ட 'பீப்பிள்வேர்' புத்தகத்தில் எழுதியிருக்கும் சம்பவம் இது.

இன்னொன்று கனடாவில் நடந்தது. தெரேசா லெசியுக் 2005ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு நிறுவனங்களின் 56 சாஃப்ட்வேர் டெவலப்பர்களை ஐந்து வாரம் கவனித்தார். அவரவர் விரும்பிய இசையை விரும்பிய நேரத்தில் கேட்கலாம். நடுவில் இசையை நிறுத்தியபோது அவர்களின் மனநிலை இறங்கியது, வேலையின் தரம் குறைந்தது, நேரமும் அதிகம் பிடித்தது.

இரண்டும் முரண்படுவதுபோலத் தெரியும், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இசை மனதைச் சரி செய்கிறது, சரியான மனதோடு செய்கிற வேலை நன்றாக வருகிறது. ஆனால் "இதை இப்படிச் செய்யவே வேண்டாமே" என்று பளிச்சென்று படுவதற்கு மனம் முழுசாகக் காலியாக இருக்க வேண்டியிருக்கிறது. அதனால் வேலையைப் பார்த்துப் பாட்டை எடுங்கள். டெஸ்ட் கேஸ் எழுதுவது, பழைய ஃபைல்களில் பெயர் மாற்றுவது, செய்து பழகிய ஃபார்ம் ஒன்றை இன்னொரு தடவை அடிப்பது, இதற்கெல்லாம் உங்கள் பழைய பாட்டே போடுங்கள், தாராளமாக. அடுத்தவர் எழுதிய கோட் படிக்கும்போது குரல் இல்லாத இசை, அதிலும் ஏற்கெனவே பலமுறை கேட்டது, ஏனென்றால் புதுசு கவனத்தை இழுக்கும். பிடிபடாத பக் (பிழை) ஒன்றைத் துரத்தும்போதும் டிசைன் யோசிக்கும்போதும் இசையை நிறுத்திவிடுங்கள். ஹாலின் பேச்சை மறைக்க மழைச் சத்தமோ மின்விசிறி ஓடுவதுபோன்ற ஒரே சீரான ஒலியோ போதும்.

கேள்வி: மொசார்ட் கேட்டால் மூளை வேகமாக வேலை செய்யுமாமே?
- வாசகர், திருச்சி

பதில்: 1993ல் வந்த ஒரு ஆய்விலிருந்து கிளம்பியது இது. கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட் கேட்ட பிறகு, இடம் சார்ந்த சில புதிர்களைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார்கள், கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலன் போய்விட்டது. உற்சாகமான இசை எதைக் கேட்டாலும் இப்படி நடக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பிடித்திருந்தால் கேளுங்கள்.

கேள்வி: சின்ன வயதில் வயலின் கற்றுக்கொண்டவன் நான். வாத்திய இசைதான் நல்லது என்கிறார்கள், ஆனால் கர்நாடக வாத்தியக் கச்சேரி போட்டால் எனக்குக் கவனம் சிதறுகிறதே?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சிதறத்தான் செய்யும். நம் வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் வாசிப்பது பாடுவதற்காக இயற்றிய கீர்த்தனைகளை. தெரிந்தவருக்கு வயலினிலோ புல்லாங்குழலிலோ சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், அப்படியே கேட்கும், கை தானாகத் தாளம் போடும். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் எண்ணாமல் உங்களால் இருக்க முடியுமா? கீர்த்தனைக்கு முன்னால் வரும் ராக ஆலாபனையை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் வார்த்தையும் இல்லை, தாள வட்டமும் இல்லை. வீணை எஸ். பாலசந்தர் ஆலாபனையை நிதானமாக நீட்டி வாசித்தவர், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். வீணையில் ஆலாபனைக்கு அடுத்து வாசிக்கும் தானம் என்ற பகுதியும் இந்த வேலைக்கு மிக நன்றாக ஒத்துப்போகும், ஒரு ஓட்டம் இருக்கும், எண்ணச் சொல்லாது. இந்துஸ்தானியில் ஆலாப், ஜோட் பகுதிகள் இதற்கு இணை: ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், சிவ்குமார் சர்மாவின் சந்தூர். இந்துஸ்தானிப் பாடல் வரிகள் உங்களுக்கு அநேகமாகத் தெரியாது என்பதும் ஒரு வசதி.

கேள்வி: மகன் புரோகிராமிங் படிக்கிறான், நாள் முழுக்க ஹெட்போனைக் கழற்றுவதே இல்லை. காது கெட்டுவிடாதா?
- வாசகி, மதுரை

பதில்: எவ்வளவு நேரம் என்பதோடு எவ்வளவு சத்தம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், 83ல் 20 மணி நேரம், 86ல் 10 மணி நேரம். பலர் வெளிச்சத்தத்தை மூழ்கடிக்கத்தான் வால்யூமை ஏற்றுகிறார்கள், எனவே காதை நன்றாக மூடும் ஹெட்போனாகவோ இரைச்சலைக் குறைக்கும் வகையாகவோ வாங்கிக் கொடுங்கள், குறைந்த சத்தமே போதுமானதாக இருக்கும். நிறைய போன்களில் சத்த அளவைக் காட்டும் வசதியும் அதற்கு வரம்பு வைக்கும் வசதியும் உண்டு, ஒருநாள் அவனோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். காதில் ரீங்காரம் கேட்கிறது என்று சொன்னால் காது மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தள்ளிப்போட வேண்டாம்.