கண்டாங்கியில் தலைமாட்டுப் பலகை: ஆணி, பின் அடிக்கும் முன்

கேள்வி: எங்கள் வீடு கானாடுகாத்தானில். ஆறு வயது மகளின் 3 அடி அகலக் கட்டிலில் தலைமாட்டுக் கட்டை முதுகில் குத்துகிறது. அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையைப் பஞ்சுமேல் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்து, பலகையைச் சுவரில் மாட்டலாமா?

பலகை செய்யுங்கள். ஆனால் சேலைக்குப் பின் அடிக்காதீர்கள், சுவரில் துளையும் போடாதீர்கள்.

சுவர் விஷயம் சட்டென்று முடிந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால், டிரில் வைத்த இடம் பெயர்ந்து வரும். அதே பளபளப்பில் ஒட்டுப்போட இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். பலகையின் பின்னால் 2 ரீப்பர் கட்டைகளைத் திருகித் தரைவரை இறக்குங்கள். அவற்றைக் கட்டில் காலோடு நைலான் பட்டையால் இறுக்கிக் கட்டினால் கட்டில் மரத்திலும் ஓட்டை விழாது. மெத்தைக்கும் பலகைக்கும் இடையில் பிள்ளையின் கை, தலை போகிற அளவு சந்து இருக்கக் கூடாது.

சேலைதான் முக்கியம். தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கிற தலை சாய்கிற இடம் அது. பின் அடித்த துணியைத் துவைக்க முடியாது; கொஞ்ச நாளில் நடுவில் கறுத்த வட்டம் விழும். அதனால் சேலை கழற்றக்கூடிய உறையாக இருக்கட்டும்.

36க்கு 24 அங்குலத்தில் 12 மி.மீ. பிளைவுட்டைக் கடையிலேயே அறுத்து வாங்குங்கள். அதன்மேல் 1 அங்குல ஃபோம் ஒட்டி, பசை வாடை போக இரண்டு நாள் காற்றாட விடுங்கள். அப்புறம் காடாத் துணியை இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்ளர் அடியுங்கள். முதலில் நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின், பிறகு மூலையை நோக்கி. மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும். அழகுக்கென்று பட்டன் வைக்க வேண்டாம். பிய்த்து வாயில் போடுகிற வயது.

இனி உறை. சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடத்தை ஒதுக்கிவிட்டு 46க்கு 34 அங்குலம் வெட்டி, அடியில் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தையுங்கள். விளிம்பில் வெல்க்ரோவின் மெத்துப் பக்கத்தைத் தைத்து, முரட்டுப் பக்கத்தைப் பலகையின் பின்னால் பின் அடித்துவிடுங்கள். கீழ் ஓரத்தில் ரீப்பர் வரும் இடங்களில் துணிக்கு வெட்டு விட வேண்டும்.

ஒன்று கவனியுங்கள்: மற்ற ஓரங்களைப் போலவே மேல் ஓரத்திலும் 5 அங்குலத் துணி விளிம்பைச் சுற்றி மடிந்து பின்னால் போகும். கரை அதைவிடக் குறுகலாக இருந்தால், அவ்வளவு ஆசைப்பட்ட கரை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியானால் கரைக்கு மேல் காடாப் பட்டி ஒன்றை இணைத்து, மடிப்புக்கு அதைக் கொடுங்கள். கட்டம் போட்ட சேலை என்றால் மாட்டும்போது ஒரு கோட்டைப் பலகை விளிம்புக்கு நேராக வையுங்கள். அரை அங்குலம் சரிந்தாலும் வாசலிலிருந்தே தெரியும்.

வெட்டுமுன் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் பாருங்கள். பழைய சேலையில் பெரும்பாலும் ஒட்டாது. புதிதாக வாங்கினால் குளிர்ந்த நீரில் இரண்டு தடவை அலசி, சுருங்கியபின் அளவெடுங்கள். சேலை நைந்துபோகாமல் இருந்தால் ஒன்றிலேயே இரண்டு உறைக்குத் துணி வரும். ஒன்று துவைக்கப் போகும்போது மற்றது மாட்டலாம்.