14 வயதுப் பூனை நகத்தைத் தொடவே விடமாட்டேன் என்கிறது

கேள்வி: எங்கள் வீட்டுப் பூனை பொம்மிக்கு 14 வயது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவள். முன்பெல்லாம் கதவு நிலையிலும் கால்மிதியிலும் பிறாண்டி நகத்தை அவளே பார்த்துக்கொள்வாள். ஒரு வருடமாக அது நின்றுவிட்டது. நடந்தால் தரையில் டக் டக் என்று நகச் சத்தம் கேட்கிறது. போர்வையில் மாட்டிக்கொண்டு தவிக்கிறாள். போன வாரம் கணவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் எங்கள் நகவெட்டியால் வெட்டப் பார்த்தேன். இரண்டாவது நகத்திலேயே ரத்தம். கத்தி, பிறாண்டி, பயத்தில் சிறுநீர் போய், கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாள். இப்போது துண்டைப் பார்த்தாலே ஓடுகிறாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனால் வழியெல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள். வீட்டிலேயே வெட்ட வழி உண்டா? எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அவள் பிறாண்டினால் புண் ஆற நாளாகிறது.
வாசகி, கும்பகோணம்

பதில்: வழி உண்டு அம்மா. ஆனால் எல்லா நகத்தையும் ஒரே மூச்சில் வெட்டி முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பூனைக்கு முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நந்நான்கு, ஆக மொத்தம் 18 நகங்கள். ஒரு நாளைக்கு ஒரு நகம் என்று வைத்தாலும் மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு நகத்துக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டு போதும். அதனால் கணக்கு சரியாகவே வருகிறது. ஒரு நகம் வெட்ட யாரும் யாரையும் பிடித்து அமுக்க வேண்டியதில்லை. பயந்த பூனையிடம் பலிக்கிற ஒரே முறை இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

வெட்டுவதற்கு முன், அவள் ஏன் இப்படி மாறினாள் என்று பார்க்க வேண்டும். 14 வயதுப் பூனை என்றால் மனிதக் கணக்கில் எழுபதைத் தாண்டியவள். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டிக் காட்டாது, முனகாது. ஜன்னல் திண்டில் ஏறுவதை நிறுத்தும், முதுகை நக்கிச் சுத்தம் செய்யாமல் முடி சிக்குப் பிடிக்கும், பிறாண்டுவதை விட்டுவிடும். பொம்மி பிறாண்டாமல் இருப்பது சோம்பலால் இல்லை, முன்கால்களை நீட்டி இழுக்கும்போது வலிக்கிறது என்பதால் இருக்கலாம். நீங்கள் காலைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தபோது அவள் கத்தியதிலும் பாதி அந்த வலியாக இருந்திருக்கும்.

பூனையின் நகம் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக வளர்கிறது. பிறாண்டும்போது பழைய மேலடுக்கு கழன்று விழும். பிறாண்டாத பூனைக்கு அது கழலாமல் நகம் தடித்து, மஞ்சளாகி, வளைந்துகொண்டே போகும். நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் திறனும் வயதாக ஆகக் குறையும், அதனால்தான் அந்தச் சத்தம். இதில் மிக மோசம் முன்காலின் பெருவிரல் நகம். அது தரையில் படாது, தேயாது. வட்டமாக வளைந்து பாதத்தின் மெத்தென்ற சதைக்குள்ளேயே குத்திவிடும். ஆகவே இன்றைக்கே, அவள் தூங்கும்போது, அந்த இரண்டு நகங்களையும் பாருங்கள். நுனி சதைக்குள் போயிருந்தாலோ, வீக்கம், சீழ், நாற்றம் இருந்தாலோ வீட்டில் கை வைக்காதீர்கள். அதை வலிமருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் பூனை பார்க்கும் மருத்துவர் இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

நகம் குத்தாமல் இருந்தாலும் ஒருமுறை மருத்துவர் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்துவது நகம் இல்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. நாய்க்கு அது சகஜம், பூனைக்கு இல்லை. வெயிலும் பயமும் காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த வயதில் இதயக் கோளாறோ தைராய்டு மிகையாகச் சுரப்பதோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறாளா, தண்ணீர் அதிகம் குடிக்கிறாளா, இருட்டில் முட்டிக்கொள்கிறாளா என்று கவனித்துச் சொல்லுங்கள். தைராய்டு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் எல்லாம் பூனையின் சுபாவத்தையே மாற்றிவிடும். முடிந்தால் மருத்துவரையே வீட்டுக்கு அழையுங்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால், பயணத்துக்கு முன் கொடுக்க கபாபென்டின் தரலாமா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். பயத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கிற மருந்து அது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவு குறைய வேண்டும், அதனால் அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

வலி இருக்கும் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். குரோசின், டோலோ எதுவானாலும் அதேதான். பூனையின் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல், வலி என்று நல்லெண்ணத்தில் கொடுத்துப் பூனையை இழந்த குடும்பங்கள் உண்டு.

சரி, இனி வெட்டுவதற்கு வருவோம். முதல் ஒரு வாரம், பத்து நாளுக்கு நகவெட்டியைத் தொடவே வேண்டாம். துண்டையும் கண்ணில் படாமல் வையுங்கள். சில பூனைகளைத் துண்டில் சுற்றினால் அமைதியாகிவிடும், பொம்மிக்கு அது இப்போது பயத்தின் அடையாளம் ஆகிவிட்டது. அவள் சாப்பிட்டு அரைத் தூக்கத்தில் இருக்கும் நேரத்தில், அவள் படுத்திருக்கும் இடத்திலேயே போய் உட்காருங்கள். தோள், முன்கால், பாதம் என்று மெதுவாக வருடுங்கள். பாதத்தைத் தொட்டதும் உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி ஒரு துணுக்கு. அவள் காலை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், துரத்திப் பிடிக்காதீர்கள். இதற்குப் பழகியபின் விரலை மேலும் கீழுமாக லேசாக அழுத்தினால் நகம் வெளியே வரும். அழுத்தி, விட்டு, கறி கொடுங்கள். அவ்வளவுதான் அன்றைய வேலை.

அதே நாட்களில் பூனைக்கென்று விற்கும் சின்னக் கத்தரிக்கோல் வடிவ நகவெட்டி ஒன்று வாங்கி, அவள் படுக்கைக்குப் பக்கத்தில் சும்மா வைத்திருங்கள். மோந்து பார்க்கட்டும். மனிதர்களின் நகவெட்டி வேண்டாம். முதுமையில் பூனை நகம் மொறுமொறுவென்று ஆகிவிடும், தட்டையான வெட்டி அதை நசுக்கி நீளவாக்கில் பிளக்கும். அந்த நசுக்கலே வலிக்கும்.

வெட்டும் நாளில் உங்கள் கணவருக்குப் பிடிக்கும் வேலை கிடையாது, ஊட்டும் வேலைதான். கறியை மசித்துக் கரண்டியில் வைத்து அவள் நக்கிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து, அவள் பார்க்கும் திசையிலேயே நீங்களும் பார்த்தபடி, காலை அது இருக்கும் இடத்திலிருந்து உயர்த்தாமல் வேலை செய்யுங்கள். வயதான மூட்டை மேலே தூக்குவதும் வெளியே இழுப்பதும்தான் எல்லாச் சண்டைக்கும் ஆரம்பம். பிடரியைக் கொத்தாகப் பிடிக்கும் பழக்கமும் வேண்டாம். குட்டியைத் தாய் கவ்விப் போவது வேறு, வளர்ந்த பூனைக்கு அது பயத்தைத்தான் கூட்டும்.

நகத்துக்குள் இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தக்குழாயும் நரம்பும். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். பொம்மியின் தடித்த நகத்தில் அது தெரியாமல் போகலாம். செல்போன் டார்ச்சை நகத்துக்குப் பின்னால் பிடித்தால் பெரும்பாலும் தெரியும். அப்படியும் தெரியவில்லையா, வளைந்த கூர்நுனியை மட்டும் எடுத்தால் போதும். அழகாக வெட்ட வேண்டியதில்லை, குத்தாமலும் மாட்டாமலும் இருந்தால் சரி. பெருவிரல்களில் தொடங்குங்கள், அப்புறம் மற்ற முன்கால் நகங்கள். பின்கால் நகங்கள் மழுங்கியிருந்தால் அவசரமில்லை.

வால் சுழன்று அடிப்பது, காது பின்னால் படிவது, கண்மணி விரிவது, முதுகுத் தோல் துடிப்பது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கு அத்தோடு முடிந்தது. வெட்டவில்லை என்றாலும் கறியைக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.

தப்பித்தவறி ரத்தம் வந்தால் பதறாதீர்கள். சோளமாவை (கடையில் கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளை மாவு) ஒரு சிட்டிகை நகநுனியில் வைத்துப் பஞ்சால் சில நிமிடம் அழுத்துங்கள், நின்றுவிடும். டெட்டால் கூடவே கூடாது, அவள் நக்கினால் அதுவே விஷம்.

உங்கள் கையைப் பற்றி ஒரு வார்த்தை. பொம்மி பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பூனைக் கடி வெளியே ஊசி முனை அளவு தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கிச் சீக்கிரம் சீழ் பிடிக்கும். சர்க்கரை நோயாளிக்கு இன்னும் சீக்கிரம். பொம்மிக்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறியிருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். வீட்டுப் பூனைதானே என்று உங்களுக்கான தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்காமல் இருக்கவும் வேண்டாம்.

வெட்டும் வேலை குறைய ஒரு யோசனை: தேங்காய் நார் கால்மிதி ஒன்றை அவள் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் விரித்து வையுங்கள். நிமிர்ந்து நின்று பிறாண்ட முடியாத பூனைகள் படுத்தபடியே தரையில் பிறாண்டும். மூட்டுவலிக்கு மருந்து தொடங்கியபின் அவளாகவே திரும்ப ஆரம்பித்தாலும் ஆச்சரியமில்லை.

இவ்வளவும் செய்து ஒரு மாதத்துக்குப் பிறகும் பாதத்தைத் தொட விடவில்லை என்றால், ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு லேசான மயக்கத்தில் மருத்துவரையே வெட்டச் சொல்லுங்கள். அப்போதே பல்லையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள், இந்த வயதில் பல் வலியும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு அதிகம்.