வெளிநாட்டுக்குத் தனியாகப் போனால், அந்த ஊர் மக்களின் உண்மையான வாழ்க்கையைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

"ஐந்து நாடு சுற்றிவிட்டேன், ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை" என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்களும் வளைகுடாவில் வேலை பார்ப்பவராகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் பாகு, திபிலிசி, அல்மாட்டி என்று ஓடிப்போய்விட்டு வருகிற கூட்டம் நாம். நானும் அப்படித்தான் 2019 ஏப்ரலில் முதல்முறை, திபிலிசியைத் தலைநகராகக் கொண்ட ஜார்ஜியா நாட்டுக்குப் போனேன்.

துபாயில் ஒரு டிராவல் ஏஜென்ட் போட்டுக் கொடுத்த பேக்கேஜ். நாற்பது பேர், ஒரு பஸ். நரிகலா கோட்டைக்குக் கேபிள் கார், அமைதிப் பாலம், அனனூரி, கெர்கெட்டி தேவாலயம் எல்லாம் பார்த்தோம். ராத்திரி ஆனால் தினமும் ஒரு இந்திய உணவகத்தில் பருப்பும் ரொட்டியும். மூன்றாம் நாள் ககேத்தி என்கிற திராட்சை வட்டாரத்துப் பக்கம் ஒரு ஒயின் தயாரிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் நின்ற இடத்தில் சாலையோரம் முழுக்கத் திராட்சைத் தோட்டம். கொடிகள் அப்போதுதான் துளிர்விட்டுக்கொண்டிருந்தன.

எனக்குக் கம்பம் பள்ளத்தாக்கு. தாத்தா, அப்பா எல்லோரும் திராட்சை விவசாயிகள். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் பாய் விரித்துப் படித்தவன் நான். அந்தத் துளிரைப் பார்த்ததும் கைடிடம் போய், "இங்கே கவாத்து எப்போது செய்வார்கள்?" என்று கேட்டேன். கவாத்து என்றால் பழைய கிளைகளை வெட்டிவிடுவது. கைடு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுக்கப் பத்து நிமிடம் இருக்கிறது என்றார். பஸ் கிளம்பியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு திராட்சைக்காரன் இன்னொரு திராட்சை ஊருக்குப் போயும் ஒரு விவசாயியோடு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பியிருக்கிறேன்.

பேக்கேஜில் போகிறவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வரவேண்டாம். என் அப்பா அம்மாவை நானே காசிக்குப் பேக்கேஜில்தான் அனுப்பினேன். வயதானவர்களுக்கும், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் அதுதான் சரி. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது வேறு.

2023 செப்டம்பர் கடைசியில் ஒன்பது நாள் விடுப்பில் தனியாகப் போனேன். அந்த மாதத்தைத் தேடிப் பிடித்தேன். செப்டம்பர், அக்டோபரில்தான் ககேத்தியில் 'ருத்வேலி', அதாவது திராட்சை அறுவடை. திபிலிசியில் வேலை பார்க்கிற பிள்ளைகள்கூட லீவு போட்டு ஊருக்குத் திரும்புவார்கள். நம் பொங்கலுக்குச் சென்னை காலியாவது மாதிரி. இதுதான் உங்களுக்கு என் முதல் யோசனை. எந்த நாடானாலும் அங்கே வேலை நடக்கிற பருவத்தில் போங்கள். திருவிழாவில் நாம் வேடிக்கை பார்க்கிற ஆள்தான். வேலை நடக்கிற இடத்தில் இன்னும் இரண்டு கை எப்போதுமே தேவைப்படும்.

இந்த இடத்தில் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். துபாயிலிருந்து திபிலிசிக்கு மூன்றரை மணி நேரம். அதற்கு நான் கொடுத்த டிக்கெட் விலை, பள்ளி விடுமுறையில் மதுரைக்குப் போக நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. 2017 ஜூலையில் பாட்டி இறந்தபோது அன்றைக்கே கிளம்ப டிக்கெட் பார்த்தேன். ஒரு மாதச் சம்பளத்தை நெருங்கியது. கடன் வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "சொந்த ஊருக்கு வராமல் ஊர் சுற்றுகிறான்" என்று பேசும் உறவினர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் போனபோது வளைகுடாக் குடியிருப்பு விசா கையில் இருந்தால் தனியாக விசா வேண்டியதில்லை. இந்த விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

திபிலிசியில் சம்கோரி மெட்ரோ பக்கத்திலிருந்து ககேத்தியில் உள்ள சிக்னகிக்கு மர்ஷ்ருத்கா போகிறது. நம் ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வேன். ஏறக்குறைய 110 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வழியில் தேவாலயம் தெரியும்போதெல்லாம் டிரைவர் முதல் கடைசி சீட்டுப் பாட்டிவரை மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார்கள். வீரபாண்டிக் கோயிலைத் தாண்டும்போது நம் பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வது ஞாபகம் வந்தது. 2019-இல் அந்த ஏசி பஸ்ஸில் இது என் கண்ணில் பட வழியே இல்லை, உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் நாம்தானே.

சிக்னகி அழகான ஊர்தான். மலைமேல் கோட்டைச் சுவர், கீழே அலசானிச் சமவெளி, அதற்கப்பால் பனி மூடிய காகசஸ். ஆனால் அதுவும் சுற்றுலாப் பயணிகளுக்காகத் துடைத்து வைத்த ஊராகத்தான் பட்டது. அதனால் கீழே சமவெளியில் ஒரு கிராமத்தில் அறை எடுத்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அந்தக் குடும்பத்தைத் தேடிக்கொண்டு யாரும் போய் நிற்கக் கூடாது. வீட்டுக்காரப் பாட்டியை எல்லோரும் 'பேபோ' என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். திபிலிசியில் படிக்கும் பேரன் அறுவடைக்காக வந்திருந்தான். அவனுக்கு மட்டும்தான் ஆங்கிலம் தெரியும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. இதை எழுதக் காரணம், இரண்டாம் நாள் ராத்திரி நீங்களும் சலித்துப்போய் அடுத்த ஊருக்கு டிக்கெட் போடப் பார்ப்பீர்கள். போடாதீர்கள். அன்று சாயங்காலம் முற்றத்தில் ஒரு சின்னப் பெண் "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டு ஒருவரிடம் ஓடினாள். தாய்மாமன் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் பேரன் சொன்னான், ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'. எங்கள் ஊரில் மாமா யார் என்று நான் விளக்க, அந்த வீடே சிரித்தது. அந்தச் சிரிப்போடு என் போனில் இருந்த எங்கள் பழைய தோட்டத்து வீடியோவைக் காட்டினேன்.

ஆறடி உயரத்துக்குக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், தலைக்கு மேலே தொங்கும் குலைகள், அண்ணாந்து நின்று வெட்டுகிற பெண்கள். அவர்கள் ஊரில் கொடி இடுப்பு உயரத்துக்குக் கம்பி வேலி மாதிரி வரிசையாக நிற்கும். பேபோ வீடியோவை நிறுத்தச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். வருடத்தில் எந்த மாதம் அறுப்பீர்கள்? எங்களுக்கு மாதக் கணக்கே இல்லை, கவாத்து செய்த நாலு மாதத்தில் அறுப்பு வரும், பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழம் இருக்கும் என்றேன். பேரன் மொழிபெயர்த்ததும் அந்தம்மா முகம் மாறிவிட்டது.

"அப்படியானால் அந்தக் கொடி எப்போது தூங்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே பனிக்காலம் முழுக்கக் கொடி இலையுதிர்த்து உறங்கும். எங்கள் கொடிக்கு உறக்கமே கிடையாது என்பதை அதுவரை நான் நினைத்தே பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என்னைக் கேட்காமலேயே ஒரு வாளியும் கத்தரியும் என் கையில் கொடுத்தார்கள்.

வெள்ளைத் திராட்சை, ருகாத்சிதேலி என்ற ரகம். நான் எனக்குத் தெரிந்த மாதிரி வெட்டினேன். குலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, காம்பை மட்டும் பிடித்து, பழத்தின் மேல் மாவு மாதிரி படிந்திருக்கும் பூச்சு கலையாமல், வாளியில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தேன். பெட்டியில் அடுக்கிச் சந்தைக்குப் போகிற பழத்துக்கு அப்படித்தான் பழக்கம். பக்கத்து வரிசையில் இருந்த பேபோவின் தம்பி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து என் குலை ஒன்றை எடுத்து வாளிக்குள் தொப்பென்று போட்டுக் காட்டினார். நசுங்கத்தானே போகிறது! ஆனால் அதற்குப் பிறகு எல்லோரையும் கூப்பிட்டு என் கையைக் காட்டி ஏதோ சொன்னார். "இவன் நிஜமாகவே திராட்சைக்காரன்" என்றாராம். என் பன்னிரண்டு வருட வளைகுடா வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்தை அப்பா 2011-இல் விற்றுவிட்டார். பழுக்கிற நேரத்தில் மழை பெய்து பழம் வெடித்து, இரண்டு போகம் அடுத்தடுத்து நஷ்டம். நான் போன அந்த 2023-இல்தான் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் கொண்டாடுவதற்குப் பந்தல் இல்லை.

மத்தியானம் பழத்தை 'மரனி' என்கிற கொட்டகைக்குக் கொண்டுபோனோம். அங்கே மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த பெரிய மண்பாண்டங்கள், 'க்வெவ்ரி'. தாழி என்றால் நமக்குச் சட்டென்று புரியும். உள்ளே தேன்மெழுகு பூசியிருப்பார்கள். மிதித்த சாறு, தோல், காம்பு, விதை எல்லாவற்றையும் அதில் ஊற்றி, நொதித்ததும் மூடி, ஐந்தாறு மாதம் விட்டுவிடுவார்கள். இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுமார் 8000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயின் தடயம் அந்த நாட்டு மண்பானைத் துண்டுகளில்தான் கிடைத்திருக்கிறது. அவர்களுக்குக் கிறிஸ்தவம் கொண்டுவந்த புனித நீனோவின் சிலுவைகூடத் திராட்சைக் கொடியைத் தன் தலைமுடியால் கட்டிச் செய்தது என்று நம்புகிறார்கள். அவர் கல்லறை சிக்னகிக்குப் பக்கத்தில் போட்பே மடத்தில் இருக்கிறது.

"குடிக்கத்தான் போனாயா" என்று ஒருவர் கமெண்ட் போடுவார் என்று தெரியும். நான் குடிப்பதில்லை. எங்கள் வீட்டில் குடியால் ஒரு உயிர் போயிருக்கிறது. அன்று ராத்திரி 'சுப்ரா' என்கிற விருந்தில் அதைப் பேரனிடம் முன்பே சொன்னேன். பேபோ ஒன்றும் கேட்கவில்லை, அன்று பிழிந்த சாற்றை ஒரு குடுவையில் என் முன்னால் வைத்தார். விருந்தை நடத்துகிறவர் 'தமதா', அன்று பேபோவின் தம்பி. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் எழுந்து எதைப் பற்றியாவது பேசுவார். கடவுள், நாடு, குழந்தைகள் என்று போய், இறந்தவர்களுக்கான சுற்று வந்தது. பேசி முடித்து என்னைப் பார்த்து "அலவேர்தி" என்றார். அந்தப் பேச்சை நீ தொடர் என்று அர்த்தம். நான் எழுந்து எங்கள் தோட்டத்தில் முதல் பந்தல் போட்ட தாத்தாவைப் பற்றியும், முகம் பார்க்க முடியாமல் போன பாட்டியைப் பற்றியும் பேசினேன். பாதியில் ஆங்கிலம் வரவில்லை, தமிழிலேயே பேசி முடித்தேன். யாரும் பேரனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மூன்று பேர் மூன்று குரலில் ஒரு பாட்டுப் பாடினார்கள்.

சைவம் என்றும் எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். 'சாமர்க்வோ' என்ற ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நோன்பு உணவு என்று பொருள், இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது. புதன், வெள்ளியிலும் பெரிய நோன்புக் காலத்திலும் பக்தியுள்ளவர்கள் அதைத்தான் சாப்பிடுவார்கள். 'வெஜிடேரியன்' என்று விளக்கிக்கொண்டு நிற்பதைவிட இது சட்டென்று எடுபடும். அவித்த பயறு லோபியோ, பயறு வைத்துச் சுட்ட ரொட்டி லோபியானி, வால்நட் அரைத்துப் பூசிய கத்தரிக்காய், இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்றால், நான் ஆண், என் அனுபவத்தை வைத்துச் சொல்வது சரியில்லை. போய்வந்த பெண்களிடம் கேளுங்கள். உங்களுக்கு விவசாயம் தெரியாது என்றாலும் பரவாயில்லை. சமைக்கத் தெரியுமா, மோட்டார் ரிப்பேர் தெரியுமா, தையல் தெரியுமா? அந்த வேலை நடக்கும் இடத்தில் போய் நின்று, உங்கள் வீட்டில் அதை எப்படிச் செய்வார்கள் என்று முதலில் நீங்கள் காட்டுங்கள். நாம் அவர்களைப் படம் பிடிக்கவே போகிறோம், நம்மைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. யார் என்றே தெரியாதவனை யார் வீட்டுக்குள் விடுவார்கள்?

கிளம்பும்போது பேபோ ஒரு பை நிறையச் சூர்ச்கேலா கொடுத்தார். நூலில் கோத்த வால்நட்டை, மாவு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி முக்கிக் காயவைப்பது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. டிசம்பரில் ஊருக்குப் போனபோது அதை அப்பாவிடம் கொடுத்தேன். ஒரு துண்டைக் கடித்து மெதுவாக மென்றுகொண்டே, "கொடிக்குக் கொடி எத்தனை அடி விட்டு நடுகிறார்கள்?" என்று கேட்டார். நான் கேட்டு வரவில்லை. அன்றைக்கே பேரனுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் வரிசைக்கு நடுவில் பேபோவின் தம்பி டேப் பிடித்து அளக்கிறார், பேபோ கொடியைக் காட்டி, கன்னத்தில் கைவைத்து, தூங்குகிறது என்று சைகை செய்கிறார். அப்பா அதை மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்தார்.